உங்கள் மொழிதான் நலமில்லை

அச்சில் வந்த எதையுமே நம்பாத மனுஷி இந்தப் பூமியில் ஒரே ஒருவர் உண்டென்றால், அது எங்கள் தலைகீழ் அக்காதான். ஊரே அச்சடித்துப் பிழைக்கும் சிவகாசியில், ஒரு காலண்டர் அச்சகத்தில் பதினெட்டு வருஷமாகப் புரூஃப் பார்ப்பவர். மாத்திரை கொடுத்தால் முதலில் அட்டையைப் படிப்பார். அதில் எழுத்துப்பிழை இருந்தால் மாத்திரை குப்பைக்குப் போய்விடும். பேரையே ஒழுங்காகப் போடாதவன் மருந்தை மட்டும் ஒழுங்காகவா போட்டிருப்பான் என்பது அவர் கட்சி. காய்ச்சல் அவருக்குப் பயந்து தானாகவே இறங்கிவிடும்.

எதையும் கடைசிச் சொல்லிலிருந்து ஆரம்பித்து முதல் சொல்லை நோக்கிப் படிப்பதால் அந்தப் பட்டப்பெயர். முன்னாலிருந்து படித்தால் அர்த்தம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுமாம், எழுத்தைப் பார்க்க விடாதாம். பின்னாலிருந்து வந்தால் அர்த்தம் என்று ஒன்று கிடையாது, எழுத்து மட்டும்தான் நிற்கும். இப்படித்தான் ஒருமுறை பட்டாசுப் பெட்டி லேபிளில் "பற்ற வைத்துவிட்டு விளக்கி நிற்கவும்" என்று இருந்ததைப் பிடித்தார். "விலகி" என்று இருக்க வேண்டியது. நான்கு பேர் பார்த்து ஓகே சொன்ன லேபிள். அக்கா அதைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போய், "திரியைப் பத்த வச்சிட்டு அங்கனயே நின்னு யாருக்குங்க விளக்குறது?" என்று கேட்டார். ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது.

விருதுநகரில் ஒரு பரோட்டாக் கடையில் புதிதாக மாட்டிய பலகையில் "என்னை பரோட்டா" என்று எழுதியிருந்தது. பசியோடு போயிருந்தோம். அக்கா உட்காரவே இல்லை. கல்லாவில் இருந்தவரிடம், "என்னைய எதுக்குங்க பரோட்டா போடுறீக?" என்று கேட்டார். அவருக்கு விளங்கவில்லை. பெயிண்ட் டப்பா வரவழைத்து 'எண்ணெய்' என்று திருத்திய பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு. இன்று அந்தக் கடைக்காரர் எந்தப் பலகை எழுதினாலும் அக்காவிடம் காட்டாமல் மாட்டுவதில்லை.

இந்த அக்காவிடம் நான் மாட்டியது விருதுநகரை ஒட்டிய சூலக்கரையில். கலெக்டர் ஆபீஸுக்குப் போகும் வழியில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் ஆறு நாற்காலி. முதலாளி காதர் பாய், தலைமுறை தலைமுறையாக மிளகாய் வற்றல் வியாபாரம் பார்த்த குடும்பத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்தவர். செல்வம் அண்ணன்தான் தலைமைப் புரோகிராமர். நான் அவருக்கு அடுத்தபடி. அக்காவின் அச்சகத்துக்காக ஒரு காலண்டர் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். வருஷத்தைச் சொன்னால் போதும். தேதி, கிழமை, அமாவாசை, பௌர்ணமி எல்லாவற்றையும் அதுவே கணக்குப் போட்டு, அச்சுக்குத் தயாராகப் பக்கம் பக்கமாக அடுக்கித் தரும்.

அதைச் செல்வம் அண்ணன் எழுதியது ஒரு ஃபங்ஷனல் மொழியில். வாசகர்கள் பயப்பட வேண்டாம், நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். மற்றக் கணினி மொழிகளில் ஒரு பெயரில் ஓர் எண்ணை வைத்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். இதில் வைத்தால் வைத்ததுதான். வாய்பாடு மாதிரி. ஒரு கேள்வியை யார் கேட்டாலும், எப்போது கேட்டாலும், எந்த வரிசையில் கேட்டாலும் ஒரே பதில்தான் வர வேண்டும். இந்தக் குணத்தின் பெருமையைச் செல்வம் அண்ணன் பேச ஆரம்பித்தால், கீழே பஞ்சர் ஒட்ட வந்தவர்கள்கூட வண்டியை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுவார்கள். பேச்சு மாறாத மொழி என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார். காதர் பாய்க்கு அதில் நம்பிக்கை இல்லை. ஊரில் வேறு யாருக்கும் தெரியாத மொழியில் எழுதினால், நாளைக்குச் செல்வத்துக்கு ஒரு தலைவலி வந்தால் கம்பெனிக்கே அல்லவா தலைவலி என்பார்.

புரோகிராம் முடிந்தது. அச்சகம் சரிபார்க்க அக்காவை அனுப்பியது. சிவகாசியிலிருந்து பஸ் ஏறி, சாப்பாட்டுத் தூக்குச்சட்டியும் சிவப்புப் பேனாவுமாக வந்து இறங்கினார். நாங்கள் ஜனவரியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, டிசம்பரைத் திறக்கச் சொன்னார்.

டிசம்பர், நவம்பர், அக்டோபர் என்று பின்னோக்கி வந்தார். கையில் பஞ்சாங்கம். மத்தியானம் ஆகஸ்டுக்கு வந்தபோது சிவப்புப் பேனா நின்றது. ஆடி அமாவாசை ஒரு நாள் தள்ளி விழுந்திருந்தது.

செல்வம் அண்ணன் ஓடி வந்தார். புரோகிராமை மூடித் திறந்து, ஜனவரியிலிருந்து மளமளவென்று ஆகஸ்டுக்குப் போனார். அமாவாசை பஞ்சாங்கத்தில் இருந்தபடியே சரியான நாளில் இருந்தது. அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அக்கா மறுபடி மூடித் திறந்து, டிசம்பரிலிருந்து வந்து காட்டினார். தப்பு. முன்னாலிருந்து போனால் ஒரு நாள், பின்னாலிருந்து வந்தால் வேறு நாள். பேச்சு மாறாத மொழி எங்கள் கண் முன்னாலேயே பேச்சு மாறியது.

அண்ணன் முகம் அன்று வெளுத்ததுபோல் நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. கொஞ்சம் தேறியதும், உலகத்தில் யாரும் காலண்டரை டிசம்பரிலிருந்து பார்ப்பதில்லை என்று ஒரு வாதம் வைத்தார். அக்கா அலமாரியிலிருந்து ஒரு மாதக் காலண்டரை எடுத்து, நடுவில் அடித்திருந்த பின்னைக் கழற்றி, மேல்தாளை விரித்துக் காட்டினார். ஜனவரியும் டிசம்பரும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. மடித்துப் பின் அடிக்கும் காலண்டரில் அப்படித்தான் அச்சாகும். நாங்கள் எழுதிய புரோகிராமும் அச்சுக்குப் போகும்போது இரண்டு முனையிலிருந்தும்தான் பக்கங்களை எடுக்கும். அதாவது, தப்பான அமாவாசைதான் அச்சடிக்கும் பிளேட்டுக்குப் போகும். எழுதிய எங்களுக்கு அது தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை பிளேட் போக வேண்டும். அன்று திங்கள். காதர் பாய் வியாபாரி. அந்த ஒரு அமாவாசையை மட்டும் கையால் திருத்தி அனுப்பிவிட்டு, மற்றதை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாமே என்று தணிவாகத்தான் கேட்டார். அக்கா பேனாவை மூடினார்.

"பாய், நான் அமாவாசை கும்பிடுற ஆளு இல்ல, மாதா கோயிலுக்குப் போறவ. ஆனா கும்பிடுறவுக நாம போட்ட தேதிய நம்பி சதுரகிரி மலையேறுறாக. ஒண்ணு தெரிஞ்சுச்சு, திருத்திருவீக. தெரியாம எத்தனை கெடக்குன்னு யாருக்குத் தெரியும்?"

பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்காவின் வீட்டுக்காரர் தாயில்பட்டியில் ஒரு பட்டாசு யூனிட்டில் வெடிமருந்துக் கலவை பார்ப்பவர். அதை மனதில் வைத்துத்தான் அடுத்ததைச் சொன்னாரோ என்னவோ.

"தப்பை நாளைக்குப் பாத்துக்கிறலாம்னு விட்டவுக எங்க பக்கம் நாளைக்கு இருந்ததில்ல பாய்."

அக்காவின் கையெழுத்து இல்லாமல் அச்சகத்தில் பிளேட் போகாது. கையெழுத்துப் போட மாட்டேன் என்று அங்கேயிருந்தே மேனேஜருக்குப் போன் போட்டுச் சொன்னார். சீசன் நேரத்தில் மெஷினைச் சும்மா நிறுத்த முடியாது, வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால் அந்த வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு உங்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று மேனேஜர் கத்தியது எங்களுக்கே கேட்டது. அக்கா போனை வைத்துவிட்டு, தூக்கைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தார்.

எங்கள் கணக்கில் தப்பில்லை என்று செல்வம் அண்ணன் அன்று சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார். அப்படியானால் தப்பு அந்த மொழியிலேயே இருக்க வேண்டும். அந்த மொழியை உருவாக்குகிறவர்களும் பயன்படுத்துகிறவர்களும் கூடிப் பேச இணையத்தில் ஒரு குழு உண்டு. அண்ணன் நாலாயிரம் வரிப் புரோகிராமை அப்படியே அங்கே ஏற்றி, உங்கள் மொழியில் பிழை என்று எழுதினார். மறுநாள் காலையில் பதில் இருந்தது. பதில் எழுதியவர் அந்த மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர். பெயர் தெரியாது, முகத்துக்குப் பதில் ஓர் ஆந்தைப் படம். பெரும்பாலும் பிழை பயனர்களின் புரோகிராமில்தான் இருக்கும், நாலாயிரம் வரியை எங்களால் படிக்க முடியாது, பிழையைக் காட்டும் சின்ன உதாரணமாக அனுப்பவும் என்று ஆந்தை எழுதியிருந்தது.

அக்கா அதைப் பின்னாலிருந்து முன்னால் படித்துவிட்டுச் சிரித்தார். எங்கள் புரோகிராமைப் பயன்படுத்துகிறவர் அவர். அவர் தப்புச் சொன்னபோது நாங்கள் உங்கள் மேல்தான் தப்பு என்றோம். ஆந்தையின் மொழியைப் பயன்படுத்துகிறவர்கள் நாங்கள். நாங்கள் தப்புச் சொன்னால் ஆந்தை உங்கள் மேல்தான் தப்பு என்கிறது. "எல்லாம் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கீக" என்றார்.

பிறகு பதில் எழுத என்னை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தார். எழுதியது ஆங்கிலத்தில்தான், தன் ஊரான விஸ்வநத்தத்துப் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டருக்கு லீவு லெட்டர் எழுதக் கற்றுக்கொண்ட அதே ஆங்கிலம். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "மதிப்பிற்குரிய ஆந்தை அவர்களுக்கு, வணக்கம். இங்கு நாங்கள் அனைவரும் நலம். உங்கள் மொழிதான் நலமில்லை. சின்னதாகக் கேட்டீர்கள், நியாயம். வெட்டித் தருகிறேன். அதுவரை பொறுமையாக இருக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, காலண்டர் பார்க்கும் பெண்."

செல்வம் அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்தக் குழுவில் யாரும் யாருக்கும் வணக்கம்கூடச் சொல்ல மாட்டார்கள். ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்தக் கடிதத்தின் கீழே எந்தெந்த நாட்டுக்காரர்களோ வந்து, நாங்களும் நலம் என்று எழுத ஆரம்பித்தார்கள்.

செவ்வாய் காலையில் வெட்டு ஆரம்பித்தது. அக்காவுக்கு அந்த மொழியில் ஓர் எழுத்து தெரியாது. நாலாயிரம் வரியையும் பேப்பரில் அச்செடுக்கச் சொன்னார். கடைசிப் பக்கத்திலிருந்து ஒரு பத்தியைச் சிவப்பில் அடிப்பார். நான் அதைக் கணினியில் நீக்கிவிட்டு ஓட்டிப் பார்ப்பேன். "இப்பவும் தப்பு வருதாலே?" என்பார். வருது என்றால், "சந்தோஷம்" என்று அடுத்த பத்தியை அடிப்பார். விழாக்களின் பட்டியல் போனது. கிழமைகள் போயின. படங்கள் வைக்கும் பகுதி போனது. பிழை மட்டும் இடிந்த வீட்டில் ஒற்றைத் தூண்போல் நின்றது. தப்பு வர வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு வேலை பார்த்த ஒரே வாரம் என் வாழ்க்கையில் அதுதான்.

புதன்கிழமை மத்தியானம் ஒரு வரியை நீக்கியதும் தப்பு மறைந்துவிட்டது. ஆபீஸே இழவு வீடாகிவிட்டது. காதர் பாய் வந்து எட்டிப் பார்த்து, எல்லாரும் ஏன் இப்படி இருக்கீக என்று விசாரித்தார். புரோகிராம் சரியாக ஓடுகிறது என்று நான் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அக்கா அந்த வரியைத் திரும்ப வைக்கச் சொன்னார். தப்பும் திரும்பி வந்தது. அப்படியானால் அதுதான் குற்றவாளியின் வீட்டு வாசல். அந்த வரியைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டார். அன்று ஆபீஸ் பூட்டும்போது மிச்சம் இருந்தது ஆறு வரி. நிலாவும் இல்லை, சூரியனும் இல்லை. ஒரு மைனஸ் எண்ணும் இரண்டு வகுத்தல் கணக்கும்தான்.

அந்த மொழியில் வகுத்தல் இரண்டு விதம். பூஜ்யத்துக்கு மேலே இரண்டும் ஒரே விடை தரும். மைனஸில் போனால் ஒன்று கீழ்ப்பக்கமாக முழு எண்ணாக்கும், மற்றது மேல்பக்கமாக. புரோகிராமைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலர், வேலையை மிச்சம்பிடிப்பதாக நினைத்துக்கொண்டு, இரண்டும் ஒன்றுதானே என்று முதலில் கேட்டதன் விடையையே இரண்டாவதற்கும் எடுத்துக் கொடுத்துவிட்டது. முன்னாலிருந்து போனால் ஒன்றை முதலில் கேட்கிறோம், பின்னாலிருந்து வந்தால் மற்றதை. சூரியனையும் சந்திரனையும் கழித்துப் பார்க்கும் கணக்கு சில நாட்களில் மைனஸுக்குப் போகும். அப்படிப்பட்ட ஒரு நாள்தான் அந்த ஆடி அமாவாசை.

ஆறு வரியை அனுப்பினோம். வியாழக்கிழமை காலையில் ஆந்தையின் பதில் ஒரே ஒரு வரி: என் கணினியிலும் தப்பு வருகிறது.

செல்வம் அண்ணன் எழுந்து ஜன்னல் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். கண்ணைத் துடைத்தார் என்றே நினைக்கிறேன், சத்தியம் செய்ய மாட்டேன். அதற்குள் குழுவே கூடிவிட்டது. கடல் எப்போது ஏறும், எப்போது வடியும் என்று அட்டவணை போடும் ஒருவர், பல மாதமாகத் தனக்கு விளங்காமல் இருந்த ஒரு பிழை இதுதான் என்று எழுதினார். நாலைந்து நாட்டில் நாலைந்து பேர் ஒரே பிழையைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். மத்தியானத்துக்குள் திருத்திய கம்பைலர் வந்தது. சோதித்துச் சொல்லும்படி காலண்டர் பார்க்கும் பெண்ணைத்தான் கேட்டிருந்தார்கள்.

முன்னாலிருந்து ஓட்டினோம், சரி. பின்னாலிருந்து ஓட்டினோம், சரி. நாங்கள் கைதட்டப் போன நேரத்தில் அக்கா, நடுவிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். ஜூலையைத் திறந்து அங்கிருந்து போனால், இன்னொரு மாதத்தில் ஒரு பௌர்ணமி நழுவியது. கைதட்டத் தூக்கிய கைகளை இறக்கிக்கொண்டோம்.

அதை எழுதி அனுப்பியதும், வீடியோவில் பேசலாமா என்று ஆந்தை கேட்டது. வெள்ளிக்கிழமை காலையில் எல்லாரும் திரை முன்னால் கூடினோம். அக்கா நான்கு நாளாக ஆந்தைத் தம்பி, ஆந்தைத் தம்பி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். திரையில் வந்தது அறுபது வயதுக்கு மேலான ஓர் அம்மா. வெள்ளை முடி, தடித்த கம்பளிச் சட்டை, பின்னால் ஜன்னலில் பனி. அக்கா ஒரு கணம் திகைத்துவிட்டு, தன் சேலையைச் சரிசெய்துகொண்டு, "வணக்கங்க, சாப்டீகளா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டார். அந்த அம்மாவும் என்னவென்று புரியாமலேயே தலையை ஆட்டினார்.

அவர் பேசிய ஆங்கிலம் எங்களுக்குப் பாதிதான் விளங்கியது. அக்காவின் லீவு லெட்டர் ஆங்கிலம் அவருக்கு அதிலும் பாதி. அதனால் அக்கா பேச்சை விட்டுவிட்டு, ஆறு வரிப் பேப்பரைக் கேமராவுக்கு நேரே பிடித்து, சிவப்புப் பேனாவால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் காட்டினார். இந்த இடத்தில் நுழைந்தால் சரி, இந்த இடத்தில் நுழைந்தால் தப்பு. அந்த அம்மா மூக்கு திரையில் முட்டுமளவு குனிந்து பார்த்தார். திடீரென்று நிமிர்ந்து, தன் மொழியில் என்னமோ சொல்லித் தலையில் தட்டிக்கொண்டார். எந்த ஊரிலும் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒரே இடத்தில் திருத்திவிட்டு, அதே மாதிரி இருந்த இன்னோர் இடத்தை விட்டிருந்தார்.

மூன்று மணிக்கு இரண்டாவது திருத்தம் வந்தது. அக்கா முன்னாலிருந்து, பின்னாலிருந்து, நடுவிலிருந்து, கண்ணை மூடி விரல் வைத்த மாதத்திலிருந்து எல்லாம் ஓட்டிப் பார்த்தார். பன்னிரண்டு மாதத்தையும் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டார். ஐந்து மணிக்குப் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். மேனேஜருக்குப் போன் போட்டு, பிளேட் எடுக்க ஆள் அனுப்பச் சொன்னார். வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றி மேனேஜர் அப்புறம் பேசவில்லை. செல்வம் அண்ணனின் மொழியை மாற்றுவது பற்றிக் காதர் பாயும் பேசவில்லை. அன்று எல்லாருக்கும் அவர் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. அக்காவின் தூக்கில் அவர் வீட்டுக்காரருக்கும் ஒரு பங்கு போனது.

அந்த மொழியின் அடுத்த பதிப்பு வந்தபோது, பிழை கண்டுபிடித்தவர்களுக்கு நன்றி சொல்லும் பக்கத்தில் அக்காவின் முழுப்பெயரும், பக்கத்தில் விஸ்வநத்தம் என்ற ஊர்ப்பெயரும் இருந்தன. செல்வம் அண்ணன் அதை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். அக்கா வழக்கம்போலக் கீழேயிருந்து படித்து, இரண்டு இடத்தில் காற்புள்ளி விட்டுப்போனதைச் சிவப்பில் குறித்துத் திருப்பிக் கொடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார், நம் பங்கைச் சேர்ந்த சகோதரி ஒரு மொழியையே திருத்தியிருக்கிறார் என்று அறிவித்தார். எந்த மொழி என்று சொல்லவில்லை. பாதி ஊர் தமிழ் என்று நினைத்தது. மீதி ஊர் பைபிள் எழுதப்பட்ட மொழி என்று நினைத்தது. யாருக்கும் ஆச்சரியமில்லை, இந்த அம்மாள் அதையும் செய்யக்கூடியவர்தான் என்றார்கள்.

வெட்டி வெட்டியே அக்கா அந்த மொழியைக் கற்றுக்கொண்டுவிட்டார். இப்போதும் அச்சகத்தில்தான் இருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் அந்தக் குழுவுக்குள் போய், எங்கெங்கோ இருந்து பிழையோடு வருகிறவர்களிடம் முதலில் நலம் விசாரித்துவிட்டு, சின்னதாக்கிக் கொண்டு வரச் சொல்கிறார். பெரிய பெரிய படிப்பாளிகள் வரியை வெட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் நிற்கிறார்கள்.

நான் மூன்று வருஷமாகப் பெங்களூரில் இருக்கிறேன். போன மாதம் ஒரு பிழையில் இரண்டு நாள் சிக்கிக்கொண்டேன். கேட்கக் கூச்சமாக இருந்தது. புனைபெயரில், ஆங்கிலத்தில், அந்தக் குழுவில் கேட்டேன். மத்தியானம் ஒன்றரை மணிக்குப் பதில் வந்தது. தப்பு இருந்த வரியைக் காட்டியிருந்தார். அதன் கீழே தமிழில் நாலு வார்த்தை அதிகமாக எழுதியிருந்தார்: "ஏலே, கேள்விக்குறிக்கு முன்னால இடம் விட்டு எழுதுற ஆளு எனக்குத் தெரிஞ்சு ஒருத்தன்தான். நீ மெலிஞ்சுட்டன்னு செல்வம் சொன்னான். நேரத்துக்குச் சாப்பிடு."

உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இப்போதெல்லாம் பதில் தெரிந்த கேள்வியைக்கூட எப்போதாவது அங்கே போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.